கொளவாய் ஏரியில் ஒரு கட்டை

1

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மரக்கட்டையைப் பார்த்துச் சாம்பல் நாரை என்று சொல்லிவிட்டேன். பறவை பார்க்கப் போகிற எல்லோருக்கும் எப்போதாவது நடப்பதுதான். பனிமூட்டம், தூரம், தூக்கக் கலக்கம், இதில் ஏதாவது ஒன்று போதும்.

ஸ்டுட்கார்ட்டில் நான் குடியிருக்கும் வீட்டுக்குப் பக்கத்தில், திராட்சைத் தோட்டச் சரிவுக்குக் கீழே ஓர் ஏரி இருக்கிறது. விடுமுறை நாட்களில் விடியும்போதே நாங்கள் நாலைந்து பேர் காமிராவோடு அங்கே கூடுவோம். கூட்டத்தில் மூத்தவர் ஹைகே, ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். பறவை பார்ப்பவர்கள் விரலை நீட்டிக் காட்ட மாட்டோம், பறவை பறந்துவிடும். நேர் எதிரே பன்னிரண்டு மணி என்று வைத்துக்கொண்டு, பறவை இருக்கும் பக்கம் கடிகாரத்தில் எந்த மணியோ அதைச் சொல்வோம். நான் "பதினோரு மணி, நாரை" என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். ஹைகே தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே, "எபி, அது கட்டை. ஆனால் ரொம்பப் பொறுமையான கட்டை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இந்த ஊர்க்காரர்களை அந்த நேரத்தில் சிரிக்க வைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. குளிர்காற்று கண்ணில் பட்டுவிட்டது என்று ஜெர்மனில் சொல்லிச் சமாளித்தேன். அந்த ஒரு வாக்கியத்திலும் ஒரு தப்பு. ஹைகே என் தோளைத் தட்டிக்கொடுத்தபடியே அந்தத் தப்பைத் திருத்தினார். டீச்சர் அல்லவா.

அழுகைக்குக் காரணத்தை அவர்களிடம் எப்படிச் சொல்வது? போன வருடம் இதே தப்பைச் செங்கல்பட்டில், கொளவாய் ஏரிக்கரையில் செய்தேன். அன்று என் பக்கத்தில் நின்ற சேகர் சிரிக்கவில்லை. அவன் சிரிக்காததால் என்னவெல்லாம் ஆயிற்று என்பதை, ஊரில் என்னைப் பற்றி இப்போது பேசிக்கொள்பவர்களுக்காகவும் சேர்த்து எழுதி வைக்கிறேன்.

2

சேகரும் நானும் ஒரே காலனி. இரண்டு பேருடைய அப்பாக்களும் ஒரே ஆளுடைய நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அந்த நிலம் இப்போது பிளாட் போட்டு விற்றாகிவிட்டது. அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, எங்களுடையதாக இருந்தால்தானே வருத்தப்பட. நான் டிப்ளமோ முடித்து, மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் சேர்ந்து, அவர்கள் அனுப்பி ஜெர்மனிக்கு வந்தேன். சேகர் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் கல்யாணங்களுக்கு லைட் பிடித்தான். பிறகு வேன் ஓட்டக் கற்றுக்கொண்டான்.

முகூர்த்தம் இல்லாத ஞாயிறுகளில் ஸ்டூடியோக்காரர் ஒரு பழைய காமிராவை அவனிடம் கொடுத்தனுப்புவார். அந்த ஒரே காமிராவை மாற்றி மாற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஏரிக்கரையில் அலைவோம். தண்டவாளம் ஒரு பக்கம், ஆகாயத்தாமரை மூடிய தண்ணீர் ஒரு பக்கம். மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள் எங்களைப் பைத்தியங்களைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே போவார்கள்.

எங்கள் இருவரில் கண் அவனுக்குத்தான். ஒருமுறை கோவளத்துக்குப் பஸ்ஸில் போகும்போது, கழிமுகத்தில் தூரத்தில் பூநாரைகள் நிற்கின்றன என்று ஜன்னலில் இருந்தே சொல்லி, கண்டக்டரிடம் சண்டை போட்டு பஸ்ஸை நிறுத்தினான். எனக்கு வெறும் தண்ணீர்தான் தெரிந்தது. அரை மணி நேரம் சேற்றில் நடந்த பிறகுதான் அவை எனக்குப் பூநாரைகள் ஆயின. வலை பிரித்துக்கொண்டிருந்த மீன்காரர் ஒருவர், "இவன் கண்ண எங்க போட்டுல வச்சிக்கறோம், நீ மட்டும் வூட்டுக்குப் போ" என்றார். அதை அவன் வருடக்கணக்கில் சொல்லிச் சொல்லி என் உயிரை எடுத்தான்.

தப்பாகப் பார்த்தால் தொலைந்தோம். மிதந்து வந்த தேங்காய் மட்டையை நான் ஒருநாள் முக்குளிப்பான் என்று சொல்லிவிட்டேன். அதை டீக்கடையில் சொன்னான், ஸ்டூடியோவில் சொன்னான், என் கல்யாண மேடையில் ஏறி, பெண் வீட்டாருக்கும் சொன்னான்.

நான் இங்கே வந்த பிறகு என் அம்மாவுக்கு அவன்தான் பிள்ளை. அம்மாவுக்கு மூச்சுத் திணறல் வந்தபோது வண்டியில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவன் அவன். அப்போது என் குடியிருப்பு அனுமதி புதுப்பிப்பதற்காக அலுவலகத்தில் கிடந்தது. புது அட்டை வராமல் நாட்டை விட்டுப் போனால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள் என்று அங்கிருந்த பெண் அழகாக, நிதானமாக எனக்கு விளக்கினார். அம்மாவின் அடக்கத்தை நான் போனில்தான் பார்த்தேன். சேகர்தான் போனைப் பிடித்திருந்தான். மண் போடுகிற வரை அவன் கை ஆடவில்லை.

3

போன வருடம் அம்மாவின் நினைவு நாள் ஜெபத்துக்காகப் போயிருந்தேன். சனிக்கிழமை இருட்டோடு ஏரிக்குப் போகலாம் என்று சேகர் சொன்னான். எப்போதும் பைக்கில் வருபவன் நடந்து வந்தான். "வண்டி பேஜாரு பண்ணுது மச்சான்" என்றான். ஆட்டோ பிடித்துப் போனோம்.

கரையில் ஏறும்போது என் தோளில் கை போட்டுக்கொண்டான். இங்கே யாரும் யார் தோளிலும் கை போடுவதில்லை. அதனால் எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. கரை முழுக்க அந்தக் கை என் தோளிலேயே இருந்தது.

அவன் கழுத்தில் நான் அனுப்பிய காமிரா. இப்போது வருகிற காமிராக்கள் பறவையின் கண் எங்கே இருக்கிறது என்று தாமாகவே தேடிப் பிடித்துக்கொள்ளும். பறவை இருக்கிற பக்கம் திருப்பி அழுத்தினால் போதும். வாரா வாரம் அவன் வாட்ஸ்அப்பில் போடும் படங்களுக்கு நாங்கள் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

வெளுக்க ஆரம்பித்ததும் அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். "தாழக்கோழி." "மீன்கொத்தி, நமக்குப் பின்னால." "முக்குளிப்பான் ரெண்டு, சண்ட போட்டுகினு கீதுங்க." எல்லாம் சரியாக இருந்தது. எல்லாமே சத்தம் போடுகிற பறவைகள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பிறகு தண்ணீர் நடுவே மெலிதாக, வளைந்த கழுத்தோடு ஒன்று தெரிந்தது. "சேகர், ரெண்டு மணி. பாம்புத்தாரா" என்றேன்.

சட்டென்று திரும்பினான். "ஆமா மச்சான்! கழுத்த எப்படி வளச்சிகினு கீது பாரு." காமிரா படபடவென்று ஓடியது.

நானும் லென்ஸைத் திருகிப் பார்த்தேன். காய்ந்த கருவேலங்கிளை. நுனியில் ஒரு பிளாஸ்டிக் பை கிழிசல். எனக்கு வெட்கமாகிவிட்டது. சரி, மாட்டிக்கொண்டோம், இனி இதைச் சொல்லி என் மகள் கல்யாணத்திலும் மேடை ஏறுவான் என்று காத்திருந்தேன்.

அவன் இன்னும் எடுத்துக்கொண்டிருந்தான். "றெக்கய விரிக்குதா?" என்று கேட்டான்.

ஒரு ரயில் போயிற்று. அது முழுக்கப் போய் முடியும்வரை அவன் காமிராவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சேகர், அது கட்டைடா."

காமிராவை இறக்கினான். "தெரியும் மச்சான். சும்மா உன்ன ஓட்டிகினு இருந்தேன்" என்றான். அதற்குப் பிறகுதான் சிரிக்க முயன்றான்.

4

ஜி.எஸ்.டி. ரோட்டோரம் டீக்கடை. பெஞ்சில் வைத்த கிளாஸை அவன் கையால் தடவி எடுத்தான். நான் பார்ப்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. எப்படியோ.

"சுகரு" என்றான். "நட்ட நடுவுல அழுக்குப் பூசினாப்பல கீது. ஓரத்துல எல்லாம் தெரியும். டாக்டரு கண்ணுல ஊசி போடணும்னாரு. கண்ணுல எவனாவது ஊசி போட்டுக்குவானா? எயுந்து வந்துட்டேன்."

"வேன்?"

அவன் ஓட்டுவது பள்ளிக்கூட வேன். திருக்கழுக்குன்றம் சாலையில் ஊர் ஊராக நின்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வர வேண்டும். லாரிகளும், மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா போகிற கார்களும் பறக்கிற சாலை.

"தெரிஞ்ச ரோடு மச்சான். கண்ணக் கட்டிவுட்டாலும் ஓட்டுவேன்."

இதை அவன் இருபது வயதிலிருந்து சொல்கிறான். அன்றுதான் முதல் முறையாக எனக்குப் பயமாக இருந்தது.

"லைசென்ஸ் இப்பதானே புதுப்பிச்ச? கண்ணு பாத்திருப்பாங்களே?"

"ஏஜென்ட்டு பாத்துகினான். டாக்டரு சர்டிபிகேட்டோட."

"நிறுத்திடுடா. புள்ளைங்கடா."

அவன் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் சொன்னான். "நிறுத்திட்டு இன்னா செய்யறது? பாப்பா காலேஜு போய்கினு கீது. நீ அடுத்த வாரம் பிளைட்டு ஏறிடுவ. நான் இங்கயே இருக்கணும்."

கடைசியில், "திங்கக்கெழம நானே ஸ்கூல்ல சொல்லிடறேன். நீ யாராண்டயும் வாயத் தொறக்காத" என்றான். சரி என்றேன்.

5

நான் ஜெர்மனிக்கு வந்த புதிதில், ஊரில் வருடக்கணக்காக வண்டி ஓட்டிய என்னை மறுபடி முதலில் இருந்து பரீட்சை எழுத வைத்தார்கள். கண் பரிசோதனை, முதலுதவி வகுப்பு, பிறகு தேர்வு. தேர்வில் தோற்றேன். குறுக்கே வந்த சைக்கிளைக் கவனித்தேனா என்று பின்சீட்டில் இருந்த தேர்வாளர் கேட்டதற்கு, அவசரத்தில் தமிழில் "பார்த்தேங்க" என்று சொல்லிவிட்டேன். இந்த நாட்டுச் சட்டத்தை அன்றைக்கெல்லாம் திட்டித் தீர்த்தேன். வீணான கெடுபிடி, மனிதனை நம்பாத ஊர் என்று. சேகருக்கும் போன் போட்டுப் புலம்பினேன். "இங்க வா மச்சான், அரை மணில வாங்கித் தரேன்" என்றான்.

ஏரிக்குப் போன அந்தச் சனிக்கிழமை மாலை, ஜெர்மனியில் இருந்த மனைவியிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். பக்கத்தில் மகள் ஜெனி இருந்தது எனக்குத் தெரியாது. அங்கேயே பிறந்தவள். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். ஊருக்கு வரச் சொன்னால் பரீட்சை இருக்கிறது என்பாள். என் அம்மாவின் முகம்கூட அவளுக்குப் படத்தில் பார்த்ததுதான். அன்று போனை வாங்கி, பாடம் படிப்பதுபோல் தமிழில் கேட்டாள்: "அப்பா, நீ சொல்லிவிட்டாயா?"

"யார்கிட்டம்மா?"

"வேன்ல இருக்கிற குழந்தைகளுடைய அம்மாக்களிடம்."

"அவன் என் ஃப்ரெண்ட்மா. அவனே சொல்றேன்னிருக்கான்."

"ஃப்ரெண்ட் என்றால் உனக்குத்தானே முதலில் தெரிந்தது? அப்போது நீதானே சொல்ல வேண்டும்?"

எனக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. உனக்கு என்ன தெரியும், உன் ஆயாவைத் தூக்கிக்கொண்டு ஓடியது யார் தெரியுமா, இங்கே வேலை போனால் அரசாங்கம் சோறு போடாது, தெரியுமா என்று கத்தினேன். அவள் கடைசி வரை கேட்டுவிட்டு, "ஆனால் அவருக்குக் கண் தெரியாது" என்றாள். போனை வைத்துவிட்டேன். அவளுக்கு எங்கள் ஊர் புரியாது என்று அன்று இரவு முழுக்க எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

6

ஞாயிறு ஜெபம் முடிந்து சேகர் வீட்டுக்குப் போனேன். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் மனைவி செல்வி என்னை வாசலுக்குக் கூட்டிவந்தாள். நான் ஆரம்பிப்பதற்கு முன்பே, "தெரியும்ணா" என்றாள்.

"தட்டுல கொழம்பு எங்க கீதுன்னு வெரலாலதான் பாக்கறாரு. கேட்டா எரிஞ்சி வுயறாரு. காலைல வேன எடுத்துகினு போனாருன்னா எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கும். சாயங்காலம் வேன் சத்தம் கேட்டாதான் நிக்கும். பாப்பா படிப்பு முடியட்டும்னு பல்லக் கடிச்சிகினு கீறேன்." தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீங்க ஒண்ணும் பாக்கலன்னு நெனச்சிகினு போய்டுங்கண்ணா."

அவள்மேல் எனக்கு ஒரு துளிக் கோபமும் வரவில்லை. அது எனக்கே அதிர்ச்சியாக இருந்தது.

திங்கட்கிழமை காலை திருக்கழுக்குன்றம் சாலையில், வேன் நிற்கிற ஓரிடத்தில் போய் நின்றேன். சேகர் வரக் கூடாது, வேறு டிரைவர் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஓர் அப்பா, சின்னப் பையனின் கையைப் பிடித்தபடி. ஒரு லாரியை ஒட்டி உரசுகிற மாதிரி வேன் வந்து நின்றது. ஓட்டுபவன் சேகர்தான்.

ஜன்னல் திறந்திருந்தது. கையை நீட்டினால் அவன் தோளைத் தொடலாம். நான் கையைத் தூக்கினேன். அவன் திரும்பி என் முகத்தை நேராகப் பார்த்தான்.

"பையன ஏத்துங்க சார், நேரமாவுது" என்றான்.

சின்ன வயதிலிருந்து என்னை அவன் சார் என்று கூப்பிட்டதில்லை. தூக்கிய கையை இறக்கிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் பையனைத் தூக்கி ஏற்றினார். வேன் போயிற்று. உள்ளே பிள்ளைகள் ஏதோ பாடிக்கொண்டு போனார்கள்.

ஷேர் ஆட்டோ பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அலுவலகத்தில் இருந்த பெண்மணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "நீங்க யாரு?" என்றார். நண்பன் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். அன்று மாலை வேறொருவர் வேனை எடுத்தார்.

7

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பிள்ளைகள் இப்போதும் பாடிக்கொண்டுதான் போவார்கள். நடக்காமல் போன ஒரு விபத்தை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. காலனியில் எல்லோருக்கும் நினைவிருப்பது, ஃபாரினில் இருந்து வந்த எபி, கூடப் பிறக்காத தம்பியின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டுப் போனான் என்பதுதான். பள்ளிக்கூடத்துக்குப் போனதற்காக நான் வருத்தப்படவில்லை. ஆனால் அவன் வீட்டை நினைக்காமல் ஒருநாளும் சாப்பிட்டதில்லை.

நான் கிளம்புகிற நாளில் சேகர் வரவில்லை. செல்வியிடமிருந்து மட்டும் ஒரு குரல் செய்தி வந்தது. "உங்க அம்மாவ வண்டில ஏத்திகினு போன கைணா அது." அவ்வளவுதான். அதை விமான நிலையத்தில் உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்டேன்.

அதன் பிறகு அவனைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். ஊசியும் போட்டார்கள். போனது போனதுதான், இருப்பது இன்னும் போகாமல் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். செல்வி படூரில் ஓர் அபார்ட்மெண்டில் வீட்டு வேலைக்குப் போகிறாள். பாப்பா படிப்பை விட்டுவிட்டுத் துணிக்கடையில் நிற்கிறாள். இதெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். நான் அனுப்பிய பணம் திரும்பி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் பறவைப் படம் நின்றுபோனது. ஒரு வருடமாக ஒரு வார்த்தை இல்லை.

ஜெனியிடம் நடந்ததைச் சொன்னேன். நீ செய்தது சரி அப்பா என்று ஜெர்மனில் சொன்னாள். பிறகு அவள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவளுக்கு அது முடிந்துவிட்டது. அவளோடு உட்கார்ந்து அழ முடியாது என்பது எனக்கு அன்று புரிந்தது.

போன ஞாயிறு ஏரியிலிருந்து வந்ததும், ஹைகே கேலி செய்த அந்தக் கட்டையின் படத்தைச் சேகருக்கு அனுப்பினேன். ஏன் அனுப்பினேன் என்று யோசிக்கவில்லை. கீழே, "பதினோரு மணி. சாம்பல் நாரை" என்று எழுதினேன். திட்டுவான், அல்லது திட்டக்கூட மாட்டான். இரண்டில் எது வந்தாலும் சரி என்று இருந்தேன்.

மதியம் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது குரல் செய்தி வந்தது. ஈரக் கையோடு அழுத்தினேன்.

"மச்சான்" என்றான். பின்னால் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. "போட்டோ வந்துச்சி. எனக்கு சாம்பலா இன்னாவோ தெரியுது. பாப்பா வந்து பாத்துச்சி, கட்டைன்னுது." மூச்சு விடுகிற சத்தம். "நீ அங்க நின்னு பாத்தவன். இன்னா அது? நீயே சொல்லு."

அவன் சிரிக்கவில்லை. நிஜமாகவே கேட்கிறான்.

எழுதி அனுப்பினால் அவனால் படிக்க முடியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். பட்டனை அழுத்திப் பிடித்தேன். நாரை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் நின்றேன்.

"கட்டைதான் சேகர்" என்றேன்.